ஐந்தாவது டிஸ்க்கின் பதவியேற்பு

"இடமில்லைங்க, பாய்."

முனாப் பாய் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடந்தன. ஒன்றில் பூனை படுத்திருந்தது.

"இவ்வளவு கெடக்குதுங்களே, மேடம்?"

"இங்க இல்ல. உள்ள."

"நான் உள்ள வரலீங்க. என் சம்சாரத்தோட போட்டோ மட்டும் உள்ள போனாப் போதும்."

"அந்தப் போட்டோவுக்குத்தான் இடமில்லைங்கறேன்."

இப்படிச் சொன்ன கோகிலவாணி, தருமபுரி மாவட்டக் குடும்பத் தரவுப் பேணகத்தின் கண்காணிப்பாளர். பேணகம் என்பது மாவட்டத்து மக்கள் அத்தனை பேரின் பெயரையும் முகத்தையும் பத்திரமாக வைத்திருக்கும் இடம். அங்கே முகம் இருந்தால்தான் காப்பீட்டு அட்டை செல்லும். அட்டை செல்லுபடியானால்தான் ஆஸ்பத்திரியில் கத்தியை எடுப்பார்கள். முனாப் பாயின் மனைவி ஜான் பீ, இதய வால்வு சுருங்கிப் போய் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். அட்டையில் இருந்த படம் ரொம்பப் பழசு. அதிலிருந்த முகத்தையும் கட்டிலில் கிடந்த முகத்தையும் கம்ப்யூட்டர் ஒரே ஆள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. புதுப் படம் ஏறினால் ஆஸ்பத்திரித் திரையில் பச்சை விழும். திங்கட்கிழமை மதியத்துக்குள் பச்சை விழுந்தால் அன்றைக்கே உள்ளே எடுத்துவிடுவோம், விழாவிட்டால் அந்த ஆபரேஷன் மேஜை அடுத்த ஆளுக்குப் போய்விடும், மறுபடி எப்போது கிடைக்கும் என்று எங்களுக்கே தெரியாது, அந்த வால்வு அதுவரை பொறுக்குமா என்றும் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு வியாழக்கிழமை.

"மேடம், ஒரு ஓரமா வைக்க முடியாதுங்களா? ரொம்பச் சின்ன போட்டோங்க."

"பாய், பஸ் ஸ்டாண்டுல பேக் தைக்கிறவர்தானே நீங்க? ஜிப்பு மூடாத பைக்குள்ள இன்னொரு சட்டைய வைப்பீங்களா?"

"இன்னொரு அறை வச்சுத் தைப்பேங்க."

"அந்த அறை வந்துருச்சி." கோகிலவாணி பேனாவால் தலைக்குப் பின்னால் காட்டினாள்.

கண்ணாடி பீரோவுக்குள், கேடயங்களுக்கும் நினைவுப் பரிசுகளுக்கும் நடுவில், சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குப் பூட்டு. பூட்டுக்கு மேல் அரக்கு.

"அதாங்க புது டிஸ்க். உள்ள இருக்கற கம்ப்யூட்டர் பெட்டியில நாலு டிஸ்க் இருக்குது. நாலும் ரொம்பிருச்சி. இது அஞ்சாவது."

"அத எடுத்து அந்தப் பெட்டியில சொருகினா?"

மூலையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த அருண்குமார், பேணகத்தின் ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளன், தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"அரை நிமிஷம்கூட ஆகாதுங்க" என்றான்.

"அருண்" என்றாள் கோகிலவாணி.

"ஆகுங்க மேடம். ரொம்ப நேரம் ஆகும்."

"பாருங்க பாய். நீங்க வூட்டுல செஞ்சா அது சொருகறது. நாங்க செஞ்சா அது விரிவாக்கம். விரிவாக்கத்துக்கு ஒரு முறை இருக்குது. நீங்க போயி உக்காருங்க. யாராச்சும் காலமானா கூப்புடறேன்."

முனாப் பாய்க்குக் கடைசிச் சொற்கள் புரியவில்லை. பூனைக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அடுத்த நாற்காலியில் இருந்த நஞ்சம்மாள்தான் புரிய வைத்தாள். வத்தல்மலையிலிருந்து மருமகளின் பேரைச் சேர்க்க வந்தவள். வந்து பல நாள் ஆகியிருந்தது. கையில் முறுக்குப் பொட்டலம் வைத்திருந்தாள்.

"ஒருத்தரு பேரு உள்ளருந்து வெளிய போனாத்தான் இன்னொருத்தரு பேரு உள்ள போவுமாம். உங்க பக்கம் யாராச்சும் இழுத்துக்கிட்டு கெடக்கறாங்களா, பாய்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க?"

"நானும் மொத நாளு அப்படித்தான் மொறச்சேன். இப்ப எங்கூருல யாராச்சும் இருமுனாலே எட்டிப் பாக்கறேன்."

மத்தியானம் பொம்மிடியிலிருந்து ஒருவர் மொட்டைத் தலையோடு வந்தார். அப்பா தவறிவிட்டாராம், பேரை நீக்க வேண்டுமாம். கூடமே எழுந்து நின்றது. ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார். நஞ்சம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுசன்யா உங்கப்பாரு" என்றாள். தன் அப்பாவுக்குத் தருமபுரியில் இத்தனை பேர் பழக்கமா என்று அந்த ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கோகிலவாணி காகிதங்களைப் புரட்டினாள். புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"முடியாதுங்க."

"ஏங்க மேடம்? நெசமாவே செத்துட்டாருங்க."

"செத்தாரு, சரி. உயிரோட இருந்தப்ப ஒரு போட்டோவுல அடங்கிட்டாரு. இப்ப இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆஸ்பத்திரிக் கடுதாசி, வாரிசுங்க ஒவ்வொருத்தரோட கையெழுத்து, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்துனாத்தான் அவர வெளிய அனுப்ப முடியும். அத ஏத்த எடமில்ல. உயிரோட இருக்கறவங்கள விட செத்தவங்கதான் இங்க எடத்தப் புடிக்கறாங்க. அதனால உங்கப்பா இப்போதைக்கு இருக்காரு."

"எங்க?"

"எங்ககிட்ட."

மொட்டைத் தலைக்காரர் காகிதங்களை வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். நஞ்சம்மாள் அவருக்கும் ஒரு முறுக்கு கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் முனாப் பாய் நேரே இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் இளம்பரிதி நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். யாரையும் உட்காரச் சொல்வார், யார் பேசினாலும் முழுக்கக் கேட்பார், கடைசியில் தான் முதலில் சொல்ல நினைத்ததையே சொல்லுவார்.

"உக்காருங்க பாய். சம்சாரத்துக்கு ஹார்ட்டுன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

"அல்லா உங்கள நல்லா வைக்கட்டும் சார். அந்த டிஸ்க்க மட்டும்..."

"அதத்தான் சொல்ல வர்றேன். டிஸ்க் வந்துருச்சி. வந்துட்டா மட்டும் போதுமா? நான் இந்த ஊருக்கு மாத்தலாகி வந்தப்ப நேரா வந்து நாற்காலியில உக்காந்துட்டேனா? பணியேற்பு அறிக்கை குடுத்தேன். முற்பகலா பிற்பகலான்னு எழுதினேன். ஒரு மனுஷனுக்கே அப்படின்னா, மாவட்டத்தையே சொமக்கப் போற டிஸ்க்குக்கு?"

"டிஸ்க்கு எப்படிங்க சார் அறிக்கை குடுக்கும்?"

"நல்ல கேள்வி. அதுக்குப் பதிலா அருண் குடுப்பான். ஆனா அருண் ஒப்பந்தப் பணியாளர். நிரந்தரப் பொருளுக்குத் தற்காலிக ஆள் எப்படிக் கையெழுத்துப் போடறதுன்னு மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கேன். அதுவுமில்லாம, டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியில பிறப்பிடம் தாய்லாந்துன்னு போட்டிருக்குது. இருப்பிடச் சான்று வேணுமா வேண்டாமான்னு தனியா ஒரு கடிதம்."

கதவோரம் நின்ற அருண்குமார் தரையைப் பார்த்தான்.

"எல்லாத்துக்கும் மேல சீனியாரிட்டி" என்று குரலைத் தாழ்த்தினார் இளம்பரிதி. "உள்ள இருக்கற நாலும் பழசு. சின்னது. நேத்து வந்த இது அந்த நாலையும் சேத்து வச்சாலும் அதுங்கள விடப் பெருசு. வந்த அன்னைக்கே பெரியவனா உக்காந்தா பழைய ஆளுங்க மனசு என்னாகும்? நானே ரெண்டு நாள் தூக்கமில்லாம யோசிச்சேன். அப்புறம்தான் அருண் ஒண்ணு சொன்னான். சொல்லுப்பா."

"அது வந்துங்க பாய்" என்று அருண்குமார் மென்று விழுங்கினான். "பெருசா இருந்தாலும் அந்தப் பெட்டியில போட்டா, அங்க இருக்கறதுலயே சின்ன டிஸ்க் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் இதுவும் தாங்கும். மீதி சும்மாதான் கெடக்கும். மிஷினோட அமைப்பே அப்படிங்க."

"கேட்டீங்களா!" இளம்பரிதி மேஜையைத் தட்டினார். கண்ணில் நீர் தளும்பியது. "எவ்வளவு திறமைசாலி வந்தாலும், இருக்கறவங்கள்ல யாரு கம்மியா வேலை செய்யறாங்களோ அவங்க அளவுக்குத்தான் செய்யணும். மிச்சத் திறமைய மடிச்சு வச்சுக்கணும். முப்பது வருஷமா இந்தத் துறையில நாங்க கட்டிக் காத்த ஒழுங்குங்க இது. எவனோ வெளிநாட்டுக்காரன் ஒரு மிஷினுக்குள்ள அதக் கண்டுபுடிச்சு வச்சிருக்கான். எனக்குப் பெருமையா இருக்குது."

"சார், திங்கக்கெழமை மதியத்துக்குள்ள..."

"திங்கக்கெழமைதான் விழா. ஒம்பது மணி வரைக்கும் ராகுகாலம். அது கழிஞ்சதும். உங்களுக்காகத்தான் பாய் இவ்வளவு சீக்கிரம் வச்சேன். மேலிடத்துப் பதில் வர்றதுக்கு முன்னாடியே, பதில் வந்துட்டதா பாவிச்சு. நீங்க முன்வரிசையில உக்காரணும். பயனாளி யாராச்சும் வேணும்."

முனாப் பாய் இரண்டு கையையும் கூப்பிவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் அருண்குமார் பின்னாலேயே வந்தான்.

"தம்பி, நேரா ஒரு பதில் சொல்லு. திங்கக்கெழமை சொருகின ஒடனே போட்டோ ஏறிருமா?"

"ஒடனே ஏறாதுங்க. பழைய நாலு டிஸ்க்குல இருக்கறத எல்லாம் எடுத்து அஞ்சுக்கும் பிரிச்சுப் போடும். அது முடிஞ்சாத்தான் புது எடம் தெறக்கும். மதியத்துக்குள்ள முடிஞ்சுரும்னு நெனைக்கறேன். ஆனா பிரிச்சுப் போடறப்ப நடுவுல கரண்ட் மட்டும் நிக்கவே கூடாது."

"நின்னா?"

"பாதி இங்க, பாதி அங்கன்னு நிக்கும். தல யாருது, கை யாருதுன்னு அதுக்கே தெரியாமப் போயிரும். ஒருத்தரு முகமும் மிஞ்சாது."

"அப்ப இத சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேங்க."

"என்ன சொன்னாரு?"

"ஏற்பாடு பண்ணிட்டேன்னாரு."

திங்கட்கிழமை காலையில் பேணகத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. முற்றத்தில் பந்தல், மேடை, மேடையில் இரண்டு பெரிய ஏர்கூலர், பந்தல் முழுக்கக் கண் சிமிட்டும் சீரியல் விளக்கு. வெளிச்சத்தில் விளக்கு எரிவதே தெரியவில்லை. கூடத்தில் காத்திருந்தவர்கள் அனைவரும் பயனாளிகள் என்ற பேட்ஜைக் குத்திக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு மிக்சர் பொட்டலம். மொட்டைத் தலைக்காரருக்கு இரண்டு கொடுத்தார்கள். அவர் அப்பாவும் கணக்கில் இருந்தார்.

அரக்கு உடைக்கப்பட்டது. தாம்பாளத்தில் பட்டு விரித்து டிஸ்க்கை வைத்தார்கள். கோகிலவாணி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள்.

"மேடம், பின்னு இருக்கற பக்கம் வேண்டாங்க" என்று கெஞ்சினான் அருண்குமார்.

"நெத்தி எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கங்க. இதுதாங்க நெத்தி."

நெற்றியென்று அவன் காட்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றினால்தான் துவாரத்துக்குள் போகும் என்றதும், கழற்றலாமா என்று சிறு ஆலோசனை நடந்தது. கடைசியில் மாலையை இளம்பரிதியே வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனபோது, இயந்திர அறைக்குள் அவர் டிஸ்க்கை நான்காவதற்கு அடுத்த துவாரத்தில் வைத்துத் தள்ளினார். சின்னதாக ஒரு 'டக்'. பச்சை விளக்கொன்று எரிந்தது. அருண்குமார் விசைப்பலகையில் எதையோ தட்டினான். திரையில் ஒரு பட்டை தோன்றி, எறும்பு போல நகர ஆரம்பித்தது.

முனாப் பாய் அறைவாசலில் நின்று அந்தப் பட்டையையே பார்த்தார். கையிலிருந்த போனில் ஜான் பீயின் புதுப் படம் தயாராக இருந்தது.

"சார்" என்றார் போட்டோகிராபர், "மொகம் விழல. கொஞ்சம் வெளிய உருவி, மறுபடி சொருகுங்க."

இளம்பரிதியின் கை டிஸ்க்கை நோக்கிப் போனது.

"சார்! வேண்டாம் சார்! இப்ப உருவினா அத்தனையும் போயிரும் சார்!" அருண்குமார் பாய்ந்து பெட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டான்.

"பதட்டப்படாதப்பா. உருவற மாதிரி பாவனைதான்."

"பாவனையும் வேண்டாம் சார். காலுல வேணா விழறேன்."

பாவனை இல்லாமலே படம் எடுக்கப்பட்டது. அதில் இளம்பரிதியின் மாலையும், அருண்குமாரின் முதுகும் நன்றாக விழுந்தன.

பிறகு பேச்சு தொடங்கியது.

"பெரியோர்களே, தாய்மார்களே! இடம் என்றால் என்ன?" என்று ஆரம்பித்தார் இளம்பரிதி. "நம்மிடம் இடமில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். நான் கேட்கிறேன், இடமில்லாத போதும் நாம் அலுவலகத்தை மூடினோமா? ஒரு நாளாவது மூடினோமா? ஒருவரையும் சேர்க்க முடியாத நாளிலும் தினமும் காலையில் திறந்தோம். மாலையில்தான் மூடினோம். இதற்குப் பெயர்தான் சேவை!"

கைதட்டல். முனாப் பாய் முன்வரிசையில் ஒரு கால் வைப்பதும், இயந்திர அறைக்கு ஓடுவதுமாக இருந்தார். பட்டை பாதியைத் தாண்டியது. முக்காலை நெருங்கியது.

அப்போது மின்விசிறிகள் மெல்ல ஓய்ந்தன. கூடத்து விளக்குகள் அணைந்தன. மேடையில் மட்டும் கூலர் ஓடியது, சீரியல் விளக்கு கண் சிமிட்டியது, மைக் முழங்கியது.

"கரண்ட் போயிருச்சா?" என்றார் முனாப் பாய்.

"ஆமாங்க. இன்னைக்கு மாசாந்தரப் பராமரிப்பு. பேப்பர்ல போட்டிருந்தாங்களாம்" என்றான் அருண்குமார். "பயப்படாதீங்க, பெட்டி யூ.பி.எஸ்.ல ஓடுது. இது முடியற வரைக்கும் தாங்கும்."

"அப்புறம் மைக்கு எப்படிக் கத்துது?"

அருண்குமார் குனிந்து பார்த்தான். யூ.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு தடித்த ஒயர் புதிதாகக் கிளம்பி, ஜன்னல் வழியாக மேடைக்குப் போயிருந்தது. ஜன்னல் வழியாகக் கோகிலவாணியைக் கூப்பிட்டான். அவள் அறைக்குள் ஓடி வந்தாள். யூ.பி.எஸ். 'கீக், கீக்' என்று கத்த ஆரம்பித்தது.

"ஏங்க மேடம் இத இதுல போட்டீங்க?"

"சார்தான் போடச் சொன்னாரு. 'பேப்பர் பாத்தேன், திங்கக்கெழமை கரண்ட் நிக்கும், அதனால முன்னாடியே ஏற்பாடு பண்ணிட்டேன், பேச்சு தடைபடாது'ன்னாரு."

"ஜெனரேட்டர்?"

"இருக்குதே. அதுக்குத் திறப்பு விழா இன்னும் நடக்கல."

"மேடம், சார போயி நிறுத்தச் சொல்லுங்க மேடம். இப்ப ஒரு நிமிஷம் வீணாப் போனாலும் தாங்காது."

கோகிலவாணி மேடையேறினாள். இயக்குநரின் காதோரம் குனிந்து எதையோ சொன்னாள். இளம்பரிதி தலையாட்டிக் கேட்டார். முழுக்கக் கேட்டார். பிறகு மைக்கைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"மின்சாரம் போய்விட்டதாம். கண்காணிப்பாளர் கவலைப்படுகிறார். நண்பர்களே, மின்சாரம் போன பிறகும் என் குரல் உங்களுக்குக் கேட்கிறதா இல்லையா? இதுதான் முன்யோசனை! இதைப் பற்றியே இன்னும் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்."

கோகிலவாணி இறங்கி இயந்திர அறைக்குத் திரும்பினாள். யூ.பி.எஸ்.ஸின் சத்தம் மாறியது. இடைவெளி விட்டுக் கத்திக்கொண்டிருந்தது, இப்போது விடாமல் கத்தியது.

"மேடைக்குப் போற ஒயரப் புடுங்குடா தம்பி" என்றார் முனாப் பாய்.

"நான் எப்படிங்க? வர்ற மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். சார் பேசறப்ப புடுங்கினேன்னு தெரிஞ்சா..."

"மேடம், நீங்க?"

"எனக்கு ரெண்டு வருஷத்துல ஓய்வு, பாய்." கோகிலவாணி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"புடுங்கலேன்னா?"

"மாவட்டமே போயிரும்" என்றான் அருண்குமார் மெதுவாக. "உங்க சம்சாரத்துக்கு எடமே இருக்காது."

முனாப் பாய் யோசித்ததாகச் சொல்ல முடியாது. குனிந்தார். தடித்த ஒயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பிளக் அவர் கையோடு வந்துவிட்டது.

"ஆகவே இந்த விரிவாக்கத்தின்..." என்றதோடு மைக் நின்றது. கூலர் நின்றது. சீரியல் விளக்கு ஒரு சிமிட்டலின் பாதியில் உறைந்து அணைந்தது. இளம்பரிதியின் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பந்தலில் இருந்தவர்கள் சற்று நேரம் பார்த்தார்கள். சரி, முடிந்துவிட்டது என்று மிக்சரை மடித்துக்கொண்டு எழுந்தார்கள். கூலர் நின்றதும் வெயில் பந்தலுக்குள் இறங்கிவிட்டிருந்தது.

முனாப் பாய் எழவில்லை. பிளக்கைக் கையில் பிடித்தபடி, சாக்கெட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாராவது வந்து பிடுங்கினால் கடித்துவிடுவார் போலிருந்தது. யூ.பி.எஸ்.ஸின் கத்தல் கொஞ்சம் தணிந்தது. பட்டை நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள். உள்ளே ஐந்து டிஸ்க்குகளும் தறியோட்டம் போல ஓடிக்கொண்டிருந்தன.

"முடிஞ்சுதுங்க" என்றான் அருண்குமார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான்.

கோகிலவாணி முனாப் பாயின் போனை வாங்கினாள். எதுவும் கேட்கவில்லை, எந்தக் காகிதத்தையும் தேடவில்லை. ஜான் பீயின் முகம் திரையில் வந்தது, உள்ளே போனது.

"ஏறிருச்சி பாய். சேலத்துக்கு ஓடுங்க."

அவர் செருப்பைத் தேடும்போது வாசலில் இளம்பரிதி நின்றார். கழுத்தில் மாலை இன்னும் இருந்தது. வேர்த்துக் கொட்டியது. ஆனால் கோபம் இல்லை. கோபப்படாமல் இருப்பது அவருக்குப் பழக்கம்.

"யாரு புடுங்கினது?"

பிளக் இன்னும் முனாப் பாய் கையில்தான் இருந்தது.

"பரவாயில்ல. இப்ப என்ன சொல்றீங்க, முடிஞ்சுதுங்கறீங்களா?"

"முடிஞ்சுதுங்க சார். பாயோட சம்சாரத்தையும் ஏத்தியாச்சு" என்றாள் கோகிலவாணி.

"எப்படி மேடம் முடியும்? 'விரிவாக்கத்தை இத்துடன் தொடங்கி வைக்கிறேன்'னு நான் இன்னும் சொல்லலியே? பேச்சோட கடைசி வரி அதுதானே? தொடங்கவே தொடங்காத விரிவாக்கம் எப்படி முடியும்? தொடங்காத எடத்துல ஒரு பேர ஏத்தியிருக்கீங்க. சாயந்தரம் தணிக்கையில இத நானே நீக்கச் சொல்ல வேண்டியிருக்கும். மனசு கேக்குமா எனக்கு?"

முனாப் பாய் அவர் முன்னால் போய் நின்றார்.

"சார், அவ அங்க கட்டில்ல..."

"உங்களுக்காகத்தான் பாய் சொல்றேன். நான் பேசி முடிச்சுட்டா எல்லாம் சட்டப்படி ஆயிரும். பயனாளி ஒருத்தராவது முன்னால இருந்தாத்தான் அது விழா. மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க. நீங்களும் எந்திரிச்சுப் போயிட்டா செல்லாது. அருண், இப்ப அந்த ஒயரச் சொருகலாமில்ல?"

"சொருகலாங்க சார். பிரிச்சுப் போட்டு முடிஞ்சுருச்சி, இனிமே நின்னாலும் ஒண்ணும் போகாது" என்றான் அருண்குமார்.

காலி நாற்காலிகளுக்கு நடுவில், முன்வரிசையில், முனாப் பாய் உட்கார்ந்தார். மைக் இருமியது. சீரியல் விளக்கு கண் திறந்தது.

"விட்ட இடத்திலிருந்து பேசினால் தொடர்ச்சி கெட்டுவிடும்" என்றார் இளம்பரிதி. "பெரியோர்களே, தாய்மார்களே! இடம் என்றால் என்ன?"

ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அவர் நிறுத்தி முனாப் பாயைப் பார்த்தார். கை தட்டினால்தான் மேலே போனார். தட்டினால் உற்சாகத்தில் இன்னொரு பத்தி சேர்ந்துகொண்டது. தட்டாமல் இருந்தால் காதில் விழவில்லையோ என்று அதே பத்தியைத் திரும்பச் சொன்னார். எது கம்மி நேரம் பிடிக்கும் என்று முனாப் பாய் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, தட்டுவது என்று முடிவுக்கு வந்தார்.

போன் அதிர்ந்தது. தலையைக் குனிந்து காதில் வைத்தார்.

"ஏங்க, பச்ச விழுந்துருச்சாம்" என்றாள் ஜான் பீ. குரலில் மூச்சு பாதிதான் இருந்தது. "இப்பவே உள்ள வரச் சொல்றாங்க. துணிகூட மாத்திட்டாங்க. எங்க வந்துட்டிருக்கீங்க? தொப்பூர் தாண்டியாச்சா?"

"இல்லம்மா. இன்னும் தருமபுரியிலதான்."

"அங்க என்ன பண்றீங்க?"

"கூட்டத்துல உக்காந்திருக்கேன்."

"அது யாரு, அந்தக் கத்து கத்தறது?"

"ஆபீசரு பேசறாரு."

"யாருகிட்ட?"

முனாப் பாய் சுற்றிலும் பார்த்தார். "என்கிட்டதான்."

"ஒரு ஆளுகிட்ட பேசறதுக்கா மைக்கு? எந்திரிச்சு வாங்க நீங்க. எனக்குப் பயமா இருக்குது."

"எந்திரிச்சா... நீ செல்லாமப் போயிருவியாம்."

போனில் கட்டிலைத் தள்ளும் சக்கரச் சத்தம் கேட்டது.

"அப்ப உக்காருங்க" என்றாள். "நல்லா நிமுந்து உக்காருங்க. தூங்கிகீங்கி வழியாதீங்க, அதுக்கும் ஏதாச்சும் சொல்லுவானுங்க. நான் போயிட்டு வந்துடறேன்."

மேடையில் பேச்சு நின்றிருந்தது. இளம்பரிதி மைக்கைப் பிடித்தபடி, புன்னகையோடு, முன்வரிசையைப் பார்த்துக் காத்திருந்தார்.

முனாப் பாய் போனை அணைக்கவில்லை. மடியில் வைத்தார். அதிலிருந்து ஒரு நர்சின் குரல், "உங்க பேர நீங்களே சொல்லுங்கம்மா" என்றது. ஜான் பீ சொல்லியிருப்பாள். அவர் காதில் அது விழவில்லை. அவர் கை தட்டிக்கொண்டிருந்தார்.